சுரங்கத்துக்கு ஒத்திகை

எங்கள் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் இறங்கப் போகிறேன் என்று சொன்னபோது நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கை பாதி வழியில் நின்றுவிட்டது. பாப்பாவே எட்டிக் கவ்விக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே மூடிப் போட்டு இருபது வருஷமான சுரங்கம் அது. 'மேற்கூரை எப்போது வேண்டுமானாலும் இடியும்' என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னேன்.

"எப்போ வேணும்னாலும்னுதானே போட்டிருக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு போடலையே!" என்றார்.

பரணில் இருக்கிற பெட்டியை எடுத்துத் தரச் சொன்னால், "அங்கே இருட்டா இருக்கே" என்று என்னை ஏற்றிவிட்டுக் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் இவர். வேலை லிஃப்ட் மெக்கானிக். "தினம் எட்டு மாடி ஏறி இறங்குறேன், எனக்குச் சுரங்கம் எம்மாத்திரம்?" என்று மார்தட்டினார். எட்டு மாடியிலும் விளக்கு எரிகிறது. அதை நான் சொல்லவில்லை.

பத்து மாசக் குழந்தையை வைத்துக்கொண்டு கூரை இடிகிற இடத்துக்கு மனுஷனை எப்படி அனுப்புவது? போகாதே என்று அழுதால் போயே தீருவார். நண்பர்கள் முன்னால் தடுத்தாலோ மானம் போய்விட்டது என்று இரண்டு தடவை போவார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் திட்டம் போட நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் தையல்கடை அண்ணன், இன்னொருவர் பூட்டுக்கடை அண்ணன். மூன்று பேரும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்கள். கட்டியிருந்தது என் தலை ரிப்பன். எங்கள் வீட்டுக்காரருக்குத் தலைவர் பதவி. அவரே கொடுத்துக்கொண்டார்.

வெளியாட்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் பாப்பாவிடம் பேசிவிடுவேன். அவரும் பாப்பாவுக்கே பதில் சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் இந்த வசதி இல்லாமல் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

டீயை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"பாப்பா, எத்தனை அடி ஆழம்னு அப்பாகிட்டக் கேளு."

"நூறு அடிடா செல்லம்!"

"கயிறு எத்தனை அடி இருக்குன்னு கேளு."

"முப்பது அடிடா தங்கம்!"

தையல்கடை அண்ணன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"எழுபது அடி உதைக்குதே, தலைவரே?"

"அதைப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றார் பூட்டுக்கடை அண்ணன். "துணியைத்தான் நீங்க அளந்து வெட்டுவீங்க. சாகசத்தை அளக்க முடியுமா?"

"பாப்பா," என்றேன், "புது லிஃப்ட்ல ஆளை ஏத்துறதுக்கு முன்னாடி, அப்பா காலியா ஓட்டிப் பார்ப்பாரே, சுரங்கத்துக்கு அந்த மாதிரி ஒண்ணும் கிடையாதான்னு கேளு. தெரியாமத்தான் கேக்குறேன்."

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "ஒத்திகை! நானே இப்பச் சொல்லணும்னு இருந்தேன். ஆனா பள்ளத்துக்கு எங்கே போறது?"

நான் பாப்பாவை வாசலில் இறக்கி, கையில் கரண்டியைக் கொடுத்தேன். பாப்பாவுக்குக் கரண்டி கிடைத்தால் எதையாவது தட்டியே ஆகவேண்டும். தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி பக்கத்தில் இருந்தது. டொய்ங் என்றது.

மூன்று ஹெல்மெட்டும் திரும்பின.

"தொட்டி!" என்று கத்தினார் தலைவர். "ஐயோ, தண்ணி இருக்குமே?"

தண்ணீர் இல்லை. அன்று காலையில்தான் போர்வை, திரைச்சீலை, மிதியடி எல்லாவற்றையும் துவைத்து முடித்திருந்தேன். துவைத்த திரைச்சீலையையே மறுபடியும் துவைத்தேன். மூடியையும் விடியற்காலையிலேயே திறந்துவைத்து, நன்றாகக் காற்றாடவிட்டு, அவர்கள் வருவதற்கு முன்னால்தான் மூடினேன். எல்லாம் தற்செயல்.

தொட்டி ஆறடி ஆழம். முப்பது அடிக் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

"தலைவரே, காலடியில சேறு!"

"சேறுன்னு சொல்லாதீங்க, கனிமம்னு சொல்லுங்க. சுரங்கத்துல இறங்கினவன் வெறுங்கையோட ஏறக் கூடாது. அள்ளுங்க!"

அள்ளினார்கள். நான் வாளி கொடுத்தேன். சேறு வாளி வாளியாக மேலே வந்தது. "சுவத்துல ஏதோ படிஞ்சிருக்கு" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பிரஷ் கொடுத்தேன். ஒன்றல்ல, மூன்று. மூன்று பிரஷ் எப்படித் தயாராக இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இடுப்பில் இருந்த பாப்பா, அப்பாவைப் பார்க்கிற ஆசையில் குனிந்தாள். கையிலிருந்த ரப்பர் வாத்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. தலைவர் ஒரு அடி பின்னால் வைத்தால் வாத்துமேல் கால் படும். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். இரண்டு அண்ணன்மார் இருக்கும்போது சத்தம் போட வெட்கமாக இருந்தது.

கீச்ச்ச்!

"யம்மா!" அது தலைவர்.

"என்னது? என்னது?"

"கடிச்சிருச்சுடா!"

ஒரு ஆள் நுழைகிற வாயில் மூன்று ஹெல்மெட்டும் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டன. தையல்கடை அண்ணன் தோளில் ஏறிப் பூட்டுக்கடை அண்ணன் வெளியே வந்தார். தலைவரை இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தோம். கடைசியில் பாவம், தையல்கடை அண்ணன் வாத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறினார்.

வாத்தைப் பார்த்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அடுத்த ஞாயிறு எனக்கு அவசரத் தையல் இருக்கு" என்றார் ஒருவர்.

"எனக்கு மச்சான் வீடு" என்றார் இன்னொருவர்.

"வராதவங்க வரவேண்டாம்!" என்று எகிறினார் எங்கள் வீட்டுக்காரர். "நான் தனியாப் போறேன். தலைவன் பின்வாங்க மாட்டான்!"

எனக்குத் திக்கென்றது. முன்னாலாவது துணைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். அவர் வீரமாகக் குனிந்து, ஏறும்போது கழன்று விழுந்த ஹெல்மெட்டை எடுக்கும்போது, டார்ச் வெளிச்சம் தொட்டிக்குள் விழுந்தது. தொட்டி பளபளவென்றிருந்தது. மெதுவாக நிமிர்ந்தார். வாளியைப் பார்த்தார். மூன்று பிரஷ்ஷையும் பார்த்தார். கொடியில் சொட்டுகிற திரைச்சீலையைப் பார்த்தார்.

"அடியேய்! நாலு மாசமா தொட்டி கழுவுங்க, தொட்டி கழுவுங்கன்னு நச்சரிச்சியே... இதுக்குத்தானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பார்த்தீங்களா அண்ணே! தொட்டி கழுவ வைக்க எப்படியெல்லாம் நாடகம் போட்டிருக்கா! கண்டுபிடிச்சுட்டேன் பார்த்தியா? யார்கிட்ட? இனிமே உன் தந்திரம் பலிக்காது. பாப்பா மேல சத்தியம்! இந்த ஜென்மத்துல பூமிக்கு அடியில ஒரு படிகூட இறங்க மாட்டேன்!"

"சபாஷ் தலைவரே!" என்று இரண்டு அண்ணன்மாரும் ஓடிவந்து கையைக் குலுக்கினார்கள். அவரும் என்னை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினார்.

சுரங்கமும் பூமிக்கு அடியில்தான் இருக்கிறது என்று சொல்லலாமா என்று வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது.