கண் எரியாத கிரீம் ஒன்று அனுப்பவும்

பல்லேபொல,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஹமீமா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி மக்கீன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் நுஸ்லாவும் பிள்ளைகளும் லொறியும் அல்லாஹ்வின் அருளால் சுகம். பேருவளையில் நீங்களும் மச்சானும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி? போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் "ராத்தா" என்று தொடங்கினால், அடுத்த சொல் வருவதற்குள் நீங்கள் பாமசியில் வேலை செய்த முப்பது வருட அனுபவத்தையும் சொல்லி முடித்து, போனை வைத்தும் விடுகிறீர்கள். கடிதத்தை யாரும் குறுக்கே மறிக்க முடியாது.

விஷயம் உங்களுக்குப் பாதிதான் தெரியும். உம்ராவுக்குப் பாஸ்போர்ட் எடுப்போம் என்று மாத்தளை டவுனுக்குப் படம் பிடிக்கப் போனேன் அல்லவா, அங்கேதான் எல்லாம் ஆரம்பம். ஸ்டூடியோக்காரர் "நானா, மொகத்த இங்கால திருப்புங்க, ஒரு பக்கம் நெழல் விழுது" என்றார். திருப்பினேன். விளக்கை நகர்த்தினார், திரையை மாற்றினார், என்னைக் கதிரையோடு தூக்கி வைக்காத குறை. கடைசியில் கிட்ட வந்து பார்த்துவிட்டு விளக்கைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்துவிட்டார். நிழல் விளக்கால் வந்ததல்ல, ராத்தா, அது என் கன்னம். முப்பது வருடமாகக் காலையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகும்போதும் வெயில் வலப்பக்கம், பின்னேரம் திரும்பும்போதும் வலப்பக்கம். இடப்பக்கம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வருகிற மூட்டை ஏற்றி இறக்கும் நம் நாட்டாமி ராசையா மீது ஒரு நாளும் பட்டதில்லை.

வலக் கண்ணுக்குக் கீழே ஒரு புண், உரிவதும் கசிவதும் காய்வதுமாக நோன்பிலிருந்து ஆறாமல் கிடந்தது. படத்தைப் பார்த்த நுஸ்லா அன்றைக்கே என்னைக் கண்டிக்கு, தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் அதில் அரிசி மணி அளவு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார், ரிப்போர்ட் வர இரண்டு கிழமை என்றார். எல்லாம் வெயில் செய்த வேலை, இனி மழை மூட்டமானாலும் காலையில் சன் கிரீம் பூசாமல் வாசலைத் தாண்டக் கூடாது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மறுபடி பூச வேண்டும், நீளக் கை சட்டை, தொப்பி. அதையே நீங்கள் அன்று பின்னேரம் பதினொரு கட்டளையாகச் சொன்னதும், இரண்டு டியூப் பஸ்ஸில் கொடுத்தனுப்பியதும் நினைவிருக்கும்.

முதல் நாள், வெயில் படாத பக்கத்துக்கு எதற்கு என்று வலப்பக்கம் மட்டும் தடிப்பாகப் பூசிக்கொண்டு போனேன். ராசையா லொறியில் ஏறினவன் அப்படியே நின்றான். "என்னாங்க நானா, சவரம் பண்ணிக்கிட்டிருக்கும்போதே தண்ணி நின்னு போச்சா?" என்றான். மறுநாளிலிருந்து இரண்டு பக்கமும். லுஹருக்கு வுழூச் செய்தால் எல்லாம் கழுவிப் போகிறது, தொழுதுவிட்டு மறுபடி பூச வேண்டும். அதற்காகப் பள்ளிவாசல் தண்ணீர்க் குழாயடியில் டியூபை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் யாகூப் ஹாஜியார் விரலில் எடுத்துப் பல் விளக்கிக்கொண்டிருக்கிறார். "மக்கீன், இந்தப் பேஸ்ட்ல ஒறப்பே இல்லயே!"

இதெல்லாம் போகட்டும். மூன்று கிழமைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, ரிப்போர்ட் வருவதற்கு முதல் நாள், தம்புள்ளையில் போஞ்சி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வியர்வை வழிந்து கிரீம் கண்ணுக்குள் போய்விட்டது. என்ன எரிச்சல்! இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டுகிறது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. வெங்காய மொத்த வியாபாரி அழகம்மா, ஒருவரிடமும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை, ஓடி வந்து, "என்னா தம்பி, போஞ்சி வெல எறங்கினதுக்கா இப்படி அழுவுறீங்க?" என்று குடிக்கப் பிளேன்டி வாங்கிக் கொடுத்து, தன் முந்தானையால் விசிறியும் விட்டார். ராசையா அதை யாருக்கோ போனில் சொல்லியிருக்கிறான். லொறி நாவுலையைத் தாண்டுவதற்குள் செய்தி ஊருக்குப் போய், மக்கீன் அழுதான் என்பது டாக்டர் கூப்பிட்டார் என்றாகி, அது கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்றும் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் முற்றம் நிறையக் கதிரை, கதிரை நிறையச் சொந்தக்காரர்கள், நடுவில் யாகூப் ஹாஜியார் கையேந்தி துஆ கேட்கிறார். நுஸ்லா ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க!"

"ஒண்ணுமில்ல புள்ள. கிரீம் கண்ணுல பட்டிருச்சி."

ஹாஜியார் ஏந்திய கையை இறக்காமல், "அப்ப நிப்பாட்டவா, முடிக்கவா?" என்று கேட்டார். நுஸ்லா, "முடிங்க ஹாஜியார், ரிப்போர்ட் நாளைக்குத்தானே" என்றாள். பிறகு என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், மோசமாக ஒன்றுமில்லை. வெயிலில் கெட்ட தோல், கவனிக்காமல் விட்டிருந்தால்தான் வம்பு என்று சொல்லி, டாக்டர் அந்த இடத்தைக் குளிர் மருந்து அடித்துக் கருக்கிவிட்டார். இப்போது தினமும் நான் லொறியை எடுக்கும் முன் நுஸ்லாவே காது, கழுத்து, புறங்கை எல்லாம் பூசிவிடுகிறாள். ஆகவே ராத்தா, இவ்வளவும் எழுதியது ஒரு விண்ணப்பத்துக்காக: இந்தக் கிரீம் கண்ணுக்கு ஆகாது, ஊர் சிரிக்கிறது. கண் எரியாத கிரீம் ஒன்று விசாரித்து அனுப்பவும்.

உங்களுக்கும் மச்சானுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், வலியில்லாத முழங்கால்களையும் தருவானாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி,
மக்கீன்

பி.கு: ராத்தா, நுஸ்லா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கடிதத்தை என்னிடம் தந்தார், படித்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை இவர் கிரீமே பூசவில்லை. பழைய டியூப் திங்களோடு முடிந்துவிட்டது, புதியது உடைக்காமல் என் அலுமாரியில் இருந்தது. பூசாமல் போய்விட்டாரே, வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று அன்றைக்கு முழுக்கக் காத்திருந்தவள் நான். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிட வேண்டாம். வேறு கிரீம் தேட வேண்டாம், இதிலேயே இன்னும் இரண்டு அனுப்புங்கள். தினமும் கண்ணுக்குக் கீழேதான் நன்றாகத் தேய்த்துப் பூசுகிறேன். ஒரு நாளாவது எரிகிறது என்று சொன்னதில்லை.