குழிச் சுரப்பியும் ஒன்பதாம் தீர்மானமும்

மனித மூளையைப் படைத்தவர் கடவுள் என்கிறார்கள். இருக்கட்டும். அதைக் கூட்டுறவு சங்க நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தவர் காஞ்சிபுரம் கலியாணசுந்தரம். இரண்டில் எது பெரிய காரியம் என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்ளலாம். அன்னப்பட்சி பட்டு நெசவாளர் சங்கத்தின் செயலாளரான அவருக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

1979 ஆவணியில் கைத்தறிக் கூட்டம் ஒன்றுக்காக அவர் சென்னை போனார். கூட்டம் நடந்த மண்டபத்தில் மின்விசிறி ஓடவில்லை. பக்கத்து மண்டபத்தில் மின்விசிறியும் ஓடியது, காபியும் கொடுத்தார்கள். எனவே அறிவுத் தாகம் அவரை அங்கே அழைத்துச் சென்றது. அன்னம்மாள் என்ற டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். மூளையிலும் அதன் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலும் அபின் மாதிரி ஒரு பொருள் தானாகவே உண்டாகிறதாம். உடம்புக்கு வேதனை வந்தால் மேலே மூளையிலிருந்து உத்தரவு இறங்கும். கீழே சுரப்பி சரக்கை விடும். போதும் என்றானதும் உத்தரவு நின்றுவிடும். வெளியிலிருந்து அபினைக் கொடுத்துப் பழக்கினால் உள்ளே சுரப்பது குறையலாம் என்றும் ஒரு கருத்து இருக்கிறதாம். இத்தனையும் செய்யும் சுரப்பி பட்டாணி அளவுதான். எலும்பில் உள்ள ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

‘குழி’ என்று காதில் விழுந்ததும் கலியாணசுந்தரம் நிமிர்ந்தார். மேலே உட்கார்ந்து உத்தரவு போடுபவர் ஒருவர். குழியில் உட்கார்ந்து சரக்கு கொடுப்பவர் இன்னொருவர். இது மூளையே அல்ல, நம்முடைய சங்கம். இரண்டாவது காபியை அவர் கண்கலங்கிக் குடித்தார்.

உருக்கத்துக்குக் காரணம் உண்டு. ஊரில் அவர் மேஜைமேல் ஒரு மனு மூன்று மாதமாகக் கிடந்தது. சங்கத்தில் நாற்பத்தொரு குழித்தறிகள். நெய்பவர் காலைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொண்டுதான் மிதிபலகையை மிதிக்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் குழிக்குள் தண்ணீர் ஊறும். அதிலேயே கால் நாளெல்லாம் ஊறும். மழைக்கு முன் குழிகளுக்குச் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசித் தரவேண்டும் என்று எல்லோர் சார்பிலும் மனு எழுதியவர் அப்பாதுரை. போன மழையில் அவருடைய இடது முழங்கால் வீங்கி, இரண்டு மாதம் தறி சும்மா கிடந்தது.

“இன்னொரு மழைக்கு இந்தக் கால் தாங்காதுங்க. கால் போச்சுன்னா தறியும் போச்சு” என்று அவர் நேரிலும் வந்து சொல்லியிருந்தார்.

இப்படிப்பட்ட சிக்கலான பிரச்சினைக்கு விஞ்ஞானம் அல்லவா விடை கொண்டுவந்திருக்கிறது! மறுவாரமே நிர்வாகக் குழு கூடி ஒன்பதாம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன் நடையழகுக்காக அப்படியே தருகிறோம்: ‘வலி நிவாரணப் பொருளை உறுப்பினர்களின் உடம்பே உள்நாட்டு உற்பத்தியாகத் தயாரித்துக்கொள்வதாலும், வெளியிலிருந்து வரும் சுகம் மேற்படி உற்பத்தியைப் பாதிக்கக்கூடும் என்பதாலும், சிமெண்டு வழங்குவதை உறுப்பினர்களின் நலன் கருதிக் காலவரையின்றி ஒத்திவைக்கலாம்.’ உற்பத்தியை மேற்பார்வையிட ‘உள்ளுடல் அபின் ஒழுங்குமுறைத் துணைக்குழு’வும் அமைந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் தியாக உணர்வோடு கலியாணசுந்தரமே ஏற்றார்.

இயக்குநர்களில் ஒருவரான தணிகாசலத்துக்கு மட்டும் கொஞ்சம் பயம்.

“அபின்னா போலீசு வராதாபா? மதுவிலக்கு வேற இருக்குது. நாற்பத்தோரு பேரும் தலைக்குள்ள வச்சிக்கினு தெருவுல போறாங்களே.”

நியாயமான கேள்வி. உரிய இலாகாவுக்கு எழுதிக் கேட்டார்கள். பதினைந்தே நாளில் பதில் வந்தது. மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும். சரக்கையும் அது வைக்கப்பட்டுள்ள இடத்தையும் ஆய்வின்போது திறந்து காட்ட வேண்டும். தணிகாசலம் அன்றிலிருந்து தலையில் துண்டு கட்டாமல் வெளியே வருவதில்லை.

அடுத்து, துணைக்குழு ஒரு படிவம் அச்சடித்தது. ஒரே ஒரு கேள்விதான்: ‘தங்களுக்கு வலி உண்டா?’ ‘உண்டு’ என்றால் உற்பத்தி நடந்துகொண்டிருக்கிறது; சிமெண்டு போட்டு அதைக் கெடுக்கக் கூடாது. ‘இல்லை’ என்றால் உற்பத்தி வெற்றி, சிமெண்டுக்கு அவசியமில்லை. இவ்வளவு தீர்க்கமான படிவத்தை நாம் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்பாதுரை படிவத்தை இரண்டு தடவை படித்தார். “எப்படி எழுதினாலும் சிமெண்டு கெடையாதுன்னா, எதுக்குங்க இந்தக் கேள்வி?”

“விஞ்ஞானத்துக்குப்பா” என்றார் செயலாளர், பொறுமையாக.

ஐப்பசி பிறந்தது. மழையும் பிறந்தது. அப்பாதுரையின் மனைவி லோகாம்பாள் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தறிக்குழியிலிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். அது இறைக்க இறைக்க ஊறியது. முழங்கால் மறுபடி வீங்கத் தொடங்கியது. படிக்கட்டில் இடது காலைத் தூக்கி வைக்க அப்பாதுரை கையால் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. இதைக் கண்ணால் பார்த்த கலியாணசுந்தரம், உற்பத்தி உச்சத்தில் இருக்கிறது என்று மகிழ்ந்து, துணைக்குழுவின் தொடக்க விழாவுக்கு டாக்டர் அன்னம்மாளையே அழைத்துவிட்டார். டாக்டரம்மாவுக்கு ஒன்பதாம் தீர்மானம் தெரியாது. நெசவாளர்களுக்கு விஞ்ஞானம் கேட்க ஆசை என்று நினைத்து பஸ் ஏறி வந்தார்.

பேச்சு முடிந்ததும் அப்பாதுரை எழுந்தார். இந்தச் சரக்கு எப்படித் தயாராகிறது என்று கேட்டார். டாக்டருக்கு முகம் மலர்ந்தது. உடம்பு முதலில் ஒரு நீளமான சங்கிலியைச் செய்கிறது, அப்புறம் அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு வேலை என்று சொன்னார்.

“ஒரே பாவு போட்டு மூணு சேலை நெய்துட்டு, அப்புறம் அறுத்துக்கிறோமே, அந்த மாதிரிங்களாம்மா?”

“அதேதான். வலியைக் குறைக்கிறது ஒரு துண்டு. அது வெளியே வரும்போது கூடவே இன்னொரு துண்டும் வரும். அது ரத்தத்தில் ஓடி, உடம்பு முழுக்க அபாய மணி அடிக்கும்.”

“அய்யா மொத சேலையை மட்டும் எடுத்துக்கினாரு” என்றார் அப்பாதுரை, செயலாளரைக் காட்டி. “மணி அடிக்கிற சேலையை எங்க வச்சாருன்னு தெரியலம்மா.”

பிறகு அவர் ஒன்பதாம் தீர்மானத்தை விளக்கினார். டாக்டரம்மா செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை விழா நிகழ்ச்சிநிரலில் இல்லை. நிலைமையைச் சமாளிக்க, கலியாணசுந்தரம் எல்லோரையும் பக்கத்துத் தெருவில் இருந்த அப்பாதுரையின் வீட்டுக்கு நடத்திச் சென்றார். விழா மலரில் போட ஒரு புகைப்படம்: ‘குழியில் செயலாளர்’. பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு, சிரித்த முகத்துடன் குழிக்குள் காலை இறக்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

போட்டோக்காரரின் பிளாஷ் எரியவில்லை. அவர் பல்பை மாற்றினார். அதுவும் எரியவில்லை. வேறு பல்பு கடையில் இருந்தது. கடை கோயிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தான் வரும்வரை அசையாமல் இருக்கும்படி செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. அப்பாதுரை குனிந்து, மரியாதையாகக் கேட்டார்:

“சுரந்துதுங்களா?”

“இன்னும் இல்லை.”

பத்து நிமிஷத்தில் லோகாம்பாள் கேட்டாள். கால் மணியில் தணிகாசலம் கேட்டார். இருபதாவது நிமிஷம் செயலாளரின் இரண்டு கெண்டைக்காலும் ஒன்றாக இழுத்துக்கொண்டன. உத்தரவு போட்டுப் பார்த்தார், சரக்கு வரவில்லை. அபாய மணி மட்டும் நாலு தெருவுக்குக் கேட்டது. கைகொடுத்துத் தூக்கியவர்களில் அப்பாதுரையும் ஒருவர், ஒற்றைக் காலில் ஊன்றிக்கொண்டு.

அன்று மாலையே அவசரக் கூட்டம். கலியாணசுந்தரம் போர்வை போர்த்திக்கொண்டு தலைமை வகித்தார். ஒன்பதாம் தீர்மானம் ரத்தானது. மறுநாள் காலை செங்கல் வந்தது, சிமெண்டு இரண்டு மூட்டை வந்தது, கொத்தனாரும் வந்தார். மூன்றாம் நாள் அப்பாதுரையின் குழி சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து கிடந்தது. அவர் கால் பிழைத்தது. அதில் நமக்கு மனமார்ந்த சந்தோஷம். பூச்சு காயும் முன்பே அதில் ‘இங்கே செயலாளர் உட்கார்ந்தார்’ என்று தேதியோடு பொறித்தார்கள்.

மீதி நாற்பது குழிகளைச் சங்கம் மறந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பத்தாம் தீர்மானம் அவற்றைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது: ‘மேற்படி குழிகளில் வலி ஏற்படும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை; அவற்றில் இதுநாள்வரை நெசவாளர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கிறார்கள்.’