எட்டு மாத அமெரிக்கர்

‘முந்தி வந்தவர்’ என்றோர் இனம் உண்டு. பிழைக்க வந்தவர்கள் குடியேறிய எந்தப் பெருநகரத்திலும் இவர் இருப்பார். நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருக்கும்போதே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். முப்பது வருடத்துக்கு முன்னால் வந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. போன வருடம் வந்தவர்தான் பேசுவார்.

சிகாகோவில் வாழும் பல்கேரியர்களிடையே இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி பிளாமென். போன மே மாதம் வந்தார். எட்டு மாதம்தான் ஆகிறது என்றாலும் எந்தக் கடையில் சாயங்காலம் ரொட்டி பாதி விலைக்குக் கிடைக்கும், எந்த ரயிலில் எந்தப் பெட்டியில் யாரும் பாட மாட்டார்கள், ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டபடியே தாண்டிப் போகிறவருக்கு எத்தனை அடி தூரத்துக்குள் பதில் சொல்லி முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் ‘நான் வந்த புதுசுல’ என்றுதான் ஆரம்பிப்பார். என்னவோ இந்த நகரத்துக்கு அடிக்கல் நாட்டியபோது கொத்தனாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் போல.

அவருடைய முதல் பாடம் தலையைப் பற்றியது. பல்கேரியர்கள் ‘இல்லை’ என்பதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்டுவார்கள். ‘ஆமாம்’ என்பதற்குப் பக்கவாட்டில். அமெரிக்காவில் அப்படியே நேர்மாறு.

“தலைதான் முதல்ல குடியேறணும், ரோசித்சா! உடம்பு அப்புறம் வந்துக்கும்” என்று டிசம்பர் கடைசியில் வந்திறங்கிய சித்தப்பா மகளிடம் சொன்னார். “நான் பழகிட்டேன். என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அமெரிக்கத் தலைதான் ஆடும்.”

“உன்னைத் தூக்கத்துல எழுப்ப முடியாதுண்ணா. மூணு நாளா உன் குறட்டையைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றாள் ரோசித்சா.

அவள் அவருடைய கூடத்தில் காற்றடைத்த மெத்தையில் படுத்திருந்தாள். கணவனும் குழந்தையும் ஜனவரிக் கடைசியில் வருகிறார்கள். அதற்குள் ஒரு வீடு வேண்டும். போன இடத்திலெல்லாம் ‘இந்த ஊர்ல இதுக்கு முன்னாடி எந்த வீட்டுல இருந்தீங்க?’ என்று கேட்டார்கள். வந்து மூன்று வாரம் ஆனவள் என்ன சொல்வாள்? கடைசி நம்பிக்கை பிளாமெனின் வீட்டுக்காரர் டுகன். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர், அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த கிழவர். பிளாமெனின் வீட்டுக்குக் கீழே ஒரு பகுதி காலியாக இருந்தது. “ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வர்றேன். ஆளைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றிருந்தார்.

எல்லாம் சரி, அவரை எங்கே உட்கார வைப்பது? பிளாமென் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதற்கும் மூன்று கால்.

வெள்ளிக்கிழமை ராத்திரி முழங்காலளவு பனி விழுந்தது. சனிக்கிழமை காலை ஜன்னலைத் திறந்த பிளாமென் கூவிவிட்டார். தெருவெங்கும் நாற்காலிகள்! சாலையோரம், பனியை வெட்டி ஒதுக்கிய ஒவ்வோர் இடைவெளியிலும் ஒன்று.

“பாத்தியா? வேண்டாத சாமானை வெளிய வெச்சா, எடுத்துக்கலாம்னு அர்த்தம். என் மேசை, விளக்கு எல்லாம் அப்படி வந்ததுதான். வா, வா, நாலு பேர் எடுக்கறதுக்குள்ள!”

ரோசித்சா மண்ணியல் படித்தவள். எதையும் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள்.

“ஏண்ணா, நடைபாதையில வைக்காம ரோட்டுல வெச்சிருக்காங்க?”

“பின்னே? எல்லாருக்கும் தெரிய வேண்டாமா?”

“எல்லா வீட்டுலயும் ஒரே நாள்லயா நாற்காலி வேண்டாம்னு போச்சு?”

“புது வருஷம் பிறந்திருக்கில்ல.”

“சரி, சுத்திப் பனியை இவ்வளவு சுத்தமா ஏன் வெட்டி வெச்சிருக்காங்க?”

பிளாமென் ஒரு கணம் நின்றார். ஒரு கணம்தான். முந்தி வந்தவருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பதில் இல்லாமல் போகாது.

“எடுக்கறவன் வண்டியை நிறுத்தி ஏத்த வேண்டாமா? அதுக்கு இடம் பண்ணிக் குடுத்திருக்காங்க. இதுதாம்மா நாகரிகம்! நம்ம ஊர்ல செய்வானா?”

இவ்வளவு உறுதியாகச் சொல்கிறவரை எப்படிச் சந்தேகிப்பது? அவர் மே மாதம் வந்தவர், அந்த ஊரின் பனிக்காலத்தை அவரும் முதல் தடவையாகத்தான் பார்க்கிறார் என்று அவளுக்கு ஏனோ தோன்றவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று நாற்காலிகளை வீடு சேர்த்தார்கள். அதில் ஒரு மஞ்சள் நாற்காலி, காலில் பச்சை நாடா சுற்றியது, பிளாமெனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதை விருந்தாளிக்கென்று ஒதுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை டுகன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. மஞ்சள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக்கம்மா. வண்டியை நிறுத்த இடம் தேடியே கிறுகிறுத்துப்போச்சு. நேத்து விடியக்காலையில மூணு மணி நேரம் இடுப்பொடியப் பனியை வெட்டி, என் இடம்னு நாற்காலியைப் போட்டு வெச்சுட்டு வெளியூர் போனேன். அறுபது வருஷமா இந்த ஊர்ல அடுத்தவன் நாற்காலியை எவனும் தொட்டதில்ல. எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்! என் இடத்துல இப்ப ஒரு வேன் நிக்குது!”

பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா ஒரு பெரிய துண்டு பிளாமெனின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அது அங்கேயே நின்றது.

“தம்பி, இந்தத் தெருவுல உனக்குத் தெரியாதது இல்லன்னு சொல்லுவியே. யார் எடுத்ததுன்னு தெரியுமா?”

வாய் நிறைய பனித்சா. பேச முடியாது. இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினார். பயத்தில் ஆடியது பல்கேரியத் தலை. மேலும் கீழும்.

“தெரியுமா! யாரு? நம்ம தெருக்காரனா?”

இல்லை, இல்லை. மேலும் கீழும், மேலும் கீழும்.

டுகன் கண்ணைச் சுருக்கினார். “நீயா?”

ஐயோ, சத்தியமாக இல்லை! தாடை நெஞ்சில் இடிக்கும்படி பிளாமென் தலையாட்டினார். இவ்வளவு மனதார, இவ்வளவு தெளிவாக, எந்தத் திருடனாவது குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பானா?

டுகன் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலைப் பார்த்தார். பச்சை நாடா. “இது நான் சுத்தினது” என்றார்.

ரோசித்சாதான் வாயைத் திறந்தாள். கீழ்ப்பகுதி வீடு கையைவிட்டுப் போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

“சார், அண்ணன் தலையாட்டினது தப்பு. ஆனா தகவல் சரி. இன்னொரு பக்கத்தைப் பிடிச்சுத் தூக்கினது நான்தான். நீங்க உக்காந்திருக்கறது உங்களுது. மத்த ரெண்டும் யாருதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“எத்தனை நாளாச்சு நீ வந்து?”

“மூணு வாரம்.”

“ரோட்டுல கெடந்தா எடுத்துடறதா? யாரையாவது கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டேன் சார்” என்றாள் ரோசித்சா. அண்ணனைப் பார்த்தாள். “பதில் உடனே கிடைச்சுது.”

டுகன் சிரிக்க ஆரம்பித்தார். மஞ்சள் நாற்காலி கிறீச்சிட்டது. “சரி. உண்மையைச் சொல்ற ஆளு கீழ இருந்தா எனக்கும் நல்லதுதான். வீடு உனக்கு. உங்க அண்ணன் மட்டும் அந்த ரெண்டு நாற்காலியையும் வீடு வீடாப் போய்க் குடுத்து மன்னிப்புக் கேக்கணும். மார்ச் வரைக்கும் என் இடத்துப் பனி அவன் பொறுப்பு. என்ன தம்பி, சம்மதமா?”

பிளாமென் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, பனித்சாவை விழுங்கி, “சம்மதம்” என்று வாயாலேயே சொன்னார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் பனி. பிளாமென் டுகனின் இடத்தை வெட்டி முடித்து மஞ்சள் நாற்காலியை நடுவில் வைத்தார். அந்த வாரம்தான் பல்கேரியாவின் பிளவ்டிவ் நகரத்திலிருந்து வந்திருந்த இளைஞன் ஒருவன் அதை ஆசையோடு பார்த்தபடி நின்றான்.

“தம்பி, தொட்டுறாத!” பிளாமென் மண்வாரியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். “இங்கெல்லாம் நாற்காலின்னா ஒரு கௌரவம். எங்களை மாதிரி பழைய ஆளுங்களுக்குத்தான் அது புரியும். நான் வந்த புதுசுல…”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. நாளைக்கே உங்களுக்குத் தெரிந்த யாராவது சிகாகோவுக்குப் புறப்பட்டால், ‘பனி பெய்ஞ்சா ரோட்டுல கெடக்கற நாற்காலியைத் தொடாதீங்க’ என்று அவர் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்ல உங்கள் நாக்கு இப்போதே துடிக்கிறதா இல்லையா? நீங்கள் அந்த ஊரின் பனியைப் பார்த்ததில்லை. தெருவையும் பார்த்ததில்லை. இந்தப் பக்கத்தை அவருக்கு முந்திப் படித்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

தலையை ஆட்டாதீர்கள். எந்தப் பக்கம் ஆட்டினாலும் அகப்பட்டுக்கொள்வீர்கள்.