ஸ்பீக்கர் மிஸ்ஸியும் நாவூறும்

கல்முனைக்குடியிலிருந்து ஒலுவில் வரைக்கும், கடல் இரைச்சலை அமுக்கிக் கதைக்கக்கூடிய ஒரே மனுசி எங்கள் ஸ்பீக்கர் மிஸ்ஸிதான். பாண்டிருப்புக்காரி, எங்கள் ஆஸ்பத்திரியின் மூத்த தாதி. பிறப்புப் பத்திரத்தில் ஏதோ அழகான பெயர் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் அதைக் கூப்பிட்டவர் எவருமில்லை.

முதலாம் கட்டிலைப் பார்த்து "மருந்து குடிச்சிட்டீங்களா?" என்று கேட்பார். பக்கத்து வாட்டில் நாலு பேர் அவசர அவசரமாக விழுங்குவார்கள். மூல வியாதிக்கு வந்த ஹாஜியார் ஒருவரை இவர் விசாரித்த விசாரிப்பில், மருந்துக்கு வரிசையில் நின்ற சனம் முழுக்க அவரிடம் சுகம் கேட்டது. பாவம், அதற்குப் பிறகு அந்த மனுசன் வைத்தியத்துக்கு மட்டக்களப்புக்குத்தான் போனார்.

அப்போது நான் புதிதாக நியமனம் பெற்ற தாதி. சுனாமி வந்த நாளில் எங்கள் வாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளில் சிலரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து சின்னப் பிள்ளைக்கு ஊசி ஏற்றப் போனால் என் கை நடுங்கும். தாதியருக்குத் தலைவரான மேற்றன் நல்லவர், பொறுத்துப் பார்த்தார். கடைசியில், கை சரிவராவிட்டால் களஞ்சியத்துக்கு மாற்றுவேன் என்றார். பஞ்சும் பண்டேஜும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். தாதியாக வேண்டுமென்று வீட்டில் சண்டை பிடித்துப் படித்தவள் நான். அந்தப் பேச்சைக் கேட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு அலையைவிடக் கூடுதலாக வந்தது செயலமர்வு. கை கழுவப் பழக்க ஒன்று, கவலை மறக்கப் பழக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பை கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் வெங்காயம்கூட 'உளநலம்' என்று எழுதிய பையில்தான் தொங்கியது. அந்த வரிசையில் 'தாதியரின் சுயமதிப்பு' என்றும் ஒன்று வந்தது.

அதை நடத்தக் கொழும்பிலிருந்து வந்த வளவாளர் மெலிந்த பிள்ளை. ஆளுக்கொரு திறமையை எழும்பிச் சொல்லும்படி கேட்டார். யாரிடம் கேட்கிறார்? கொழுகொழுவென்ற பிள்ளையை யாராவது புகழ்ந்தால், "நேத்து முழுக்க வயித்தால போன" என்று பொய் சொல்லி, கண்பட்டு நாவூறு வராமல் தடுக்கும் ஊர் இது. முதல் தாதி தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அடுத்தவள், அவளைவிடத் தனக்குக் குறைவு என்றாள். பத்துப் பேர் இப்படிப் போட்டி போட்டுத் தாழ்ந்ததில் வளவாளருக்கே அழுகை வரப் பார்த்தது. என் முறை வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்", எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்று சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தேன்.

பின்வரிசையிலிருந்து ஸ்பீக்கர் ஒலித்தது. "அது அல்லாஹ்வுக்கு, புள்ள. உனக்கு என்ன இருக்கெண்டு சொல்லு."

நான் உட்கார்ந்தேவிட்டேன். மிஸ்ஸியே எழும்பினார். சின்னப் பிள்ளைக்கு ஊசி ஏற்ற நரம்பு பிடிக்கத் தன்னைப்போல இந்தக் கரையில் ஆளில்லை என்று அறிவித்து, தானே கைதட்டி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, கழுவிய தரையில் வழுக்கி விழுந்து மிஸ்ஸியின் வலக்கை முறிந்தது. நாவூறுதான் என்று ஆஸ்பத்திரியே ஒருமுகமாக முடிவு கட்டியது. மிஸ்ஸியும் மறுக்கவில்லை. ஆனால் அவர் கண்ட பிழை வேறு. எல்லாப் புகழையும் ஒரே தலையில் கொட்டியது பிழையாம், பகிர்ந்து கொடுத்திருக்க வேணுமாம். அதனால் மாவுக்கட்டோடு வந்து எல்லாரையும் புகழத் தொடங்கினார். வாசல் காவலாளியின் மீசையைப் புகழ்ந்தார். டொக்டரின் கையெழுத்தைக்கூடப் புகழ்ந்தார்.

அந்தக் கிழமையில்தான் அகதி முகாமிலிருந்து ஒரு தாய் ஓடிவந்தாள். மடியில் வயிற்றோட்டத்தில் துவண்ட பிள்ளை. மூத்ததைக் கடல் கொண்டுபோயிருந்தது. டொக்டர் சத்திரசிகிச்சையில் நின்றார், மற்றத் தாதி அம்புலன்ஸில் போயிருந்தாள். உடனே சேலைன் ஏற்றவேண்டும்.

"பயப்படாதீங்க தங்கச்சி. இந்த மிஸ்ஸிட கையப்போல கை இந்த ஆஸ்பத்திரியில இல்ல" என்று மிஸ்ஸி என்னைக் காட்டி முழங்கினார். வாட்டே திரும்பிப் பார்த்தது. அந்தக் கையோ கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஏலா மிஸ்ஸி" என்றேன்.

அவர் குனிந்தார். வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகக் கதைத்தார்.

"எனக்கும் ஏலாதான் புள்ள, கையப் பாரு. நடுங்கினாலும் உன்ட கை கைதானே. குத்து."

முதல் குத்துப் பிழைத்தது. அவர் இடக்கையால் பிள்ளையின் முழங்கையைப் அசையாமல் பிடித்துக்கொண்டார். இரண்டாவது குத்தில் ஊசிக்குள் இரத்தம் தெரிந்தது. சேலைன் சொட்டத் தொடங்கியது. பின்னேரம் பிள்ளை கண் திறந்து தாயிடம் தண்ணீர் கேட்டது.

பார்த்தால் மிஸ்ஸியைக் காணோம். குசினியிலிருந்து உப்பும் செத்தல் மிளகாயும் தணலாய்ச் சிவந்த சிரட்டைக் கரியும் கொண்டுவந்தார். என்னை வெளி விறாந்தையின் கோடிக்கு இழுத்து, மூன்று தரம் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டார். நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். அன்று கமறிய கமறலில் காவலாளி மீசையைப் பொத்திக்கொண்டு ஓடினான். நெருப்புப் பிடித்துவிட்டதென்று மேற்றன் ஓடிவந்தார்.

மிஸ்ஸி இருமி இருமிக் கண்ணைத் துடைத்தார். முகத்தில் பெரிய ஏமாற்றம்.

"இன்னும் ஒருத்தரும் உன்னில கண் வைக்கல்ல புள்ள" என்றார். "பரவாயில்ல. வைப்பாங்க."

யுத்தம் முடிந்த வருஷம் அவர் ஓய்வுபெற்றுப் போனார். நான் களஞ்சியத்துக்குப் போகவில்லை. எத்தனையோ பேர் என்னைப் பாராட்டிச் சான்றிதழ் தந்திருக்கிறார்கள். ஆனால் ஊர்க் கண் முழுக்க என்மேல் விழவேண்டுமென்று ஆசைப்பட்டு இருமியவர் அவர் ஒருவர்தான்.