தேவாங்குக்காக நடுப்பகலில் ஒரு கண்டனக் கூட்டம்

ஒரு காட்டில் கூட்டம் போடுவதென்றால் எல்லோருக்கும் உயிர். எது நடந்தாலும் கூட்டம். எதுவுமே நடக்காவிட்டால், ஏன் நடக்கவில்லை என்று ஒரு கூட்டம்.

அந்தக் காட்டில் தேவாங்கு என்று இருந்தது செவந்தியும் அவள் குட்டியும்தான். இருந்தாலும் காட்டில் நடக்கும் கெட்டதற்கெல்லாம் அவர்கள்தான் காரணம் என்பது நெடுநாள் நம்பிக்கை. மழை பொய்த்தால் தேவாங்கின் கண் பட்டுவிட்டது. கொட்டித் தீர்த்தால் தேவாங்கு அழுதுவிட்டது. ஒதுங்கி இருந்தால் திமிர். பக்கத்தில் வந்தால், "எல்லா இடத்துலயும் நுழைஞ்சிருவாங்கப்பா." கைப்பிடி அளவு உடம்பை வைத்துக்கொண்டு புலியையே பின்னாலிருந்து ஆட்டிவைக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு காணொளி வேறு சுற்றியது.

ஒரு பகலில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ மரத்தின் மேல் கல் எறிந்தார்கள். குட்டிக்குக் காலில் அடி. செவந்தி யானையிடம் போனாள். யானைதான் காட்டுக்குத் தலைவர்.

"தலைவரே, நாங்க ராத்திரியில முழிச்சிருக்கிற சாதி. பகல்ல தூங்குறப்ப மரத்தடியில யாராச்சும் ஒருத்தர் நின்னாப் போதும். வேற எதுவும் வேணாம்."

"சும்மா நிக்கிறதா? அது என்னம்மா பெரிய விஷயம்? உனக்காகக் கூட்டமே போடுறேன்!"

கூட்டம் நடுப்பகலுக்கு வைக்கப்பட்டது. அதுதான் எல்லோருக்கும் வசதி. அடிபட்ட குட்டியை வெயிலில் தூக்கி வர முடியாமல் பொந்தில் விட்டுவிட்டு வந்தாள் செவந்தி.

வெளிநாட்டு மிருகக்காட்சி சாலையில் சில வருடம் இருந்து திரும்பிய குரங்கு முதலில் எழுந்தது.

"மனுஷங்க ஊர்ல யூதர்கள்னு இருக்காங்க. எது நடந்தாலும் காலங்காலமா அவங்க மேலதான் பழி. கேவலம்! நல்லவேளை, நம்ம காட்டுல அந்த மாதிரி எதுவும் கிடையாது. இங்க நடக்கிறதுக்குக் காரணம் இருக்கு."

கைதட்டல்.

"அதனால முதல்ல வெறுப்புன்னா என்னன்னு முடிவு பண்ணணும். எறிஞ்சவர் தேவாங்கு மேல எறிஞ்சாரா, மரத்து மேல எறிஞ்சாரா?"

"மரத்துல நாங்க மட்டுந்தானே அண்ணே இருக்கோம்?" என்றாள் செவந்தி.

"அது உங்க பார்வை."

மான் குறுக்கிட்டது. "மலைக்கு அந்தப் பக்கம் உங்க ஆளுங்க கீரிகளைப் படுத்துற பாட்டுக்கு என்ன சொல்றீங்க? மொதல்ல அதுக்குப் பதில் வரட்டும்."

"கீரிக்கு நடக்கிறது அநியாயம்னா அநியாயந்தான் அக்கா. ஆனா நான் அந்த மலையைத் தாண்டினதே இல்ல. எம்புள்ள கால்லதான் கல்லு பட்டுச்சு."

"பாத்தீங்களா, பேச்சை மாத்துறாங்க!"

சிறுத்தை பாய்ந்து முன்னால் வந்தது. "தேவாங்கை ஒரு வார்த்தை சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்! எல்லாத்துக்கும் இந்த மானுங்கதான் காரணம். மானுங்களைத் துரத்திட்டா வெறுப்பு தானா ஒழியும்." பேசி முடிக்கும்வரை அதன் பார்வை மானின் தொடையைவிட்டு நகரவில்லை.

செவந்திக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"தன்னோட பிரச்சினைக்கே கொட்டாவி விடுது பாரு," என்றது காட்டுப்பன்றி. "எங்க பேரையே திட்டுற வார்த்தையா வச்சிருக்கீங்களே, அதுக்கு யாராச்சும் கூட்டம் போட்டீங்களா?"

அதிலும் நியாயம் இருந்தது. ஆகவே தீர்மானத்தில் பன்றி சேர்ந்தது. பிறகு கழுதை, காக்கை, பாம்பு. நீளம் கூடிப்போனதால், சுருக்கமாக "எல்லா உயிர்கள் மீதான எல்லா வெறுப்பையும் கண்டிக்கிறோம்" என்று எழுதினார்கள். தேவாங்கு என்று தனியாகச் சொன்னால் மற்றவர்கள் மனம் நோகுமே.

அப்போது செவந்தியின் மரம் இருந்த திசையிலிருந்து கல் விழும் சத்தம் கேட்டது. ஒன்று, மறுபடி ஒன்று.

"தலைவரே, என் குட்டி! யாராச்சும் ஓடுங்களேன்!"

"யாருப்பா அங்க சத்தம் போடுறது?" என்று யானை அதட்டியது. "கூட்டம் நடக்கிறது தெரியல?"

தேவாங்கால் ஓட முடியாது. செவந்தி ஒவ்வொரு கிளையாகப் பற்றி நகர்ந்து போனாள். அவள் போனதை யாரும் கவனிக்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செவந்தியின் மரம் இருந்த பக்கத்திலிருந்து வியர்வையும் புழுதியுமாகக் கடைசியில் வந்து சேர்ந்த நரியும் கைதூக்கியது.

கல்லுக்குப் பயந்து பொந்தைவிட்டு ஏறிய குட்டி உச்சிக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. செவந்தி அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மலைப் பக்கமும் போகாமல் கூட்டத்துப் பக்கமும் போகாமல், காட்டைவிட்டே போய்விட்டாள்.

அடுத்த மாதம் யானை அறிவித்தது: "நம் காட்டில் இப்போது ஒரு தேவாங்கு மீதும் கல் விழுவதில்லை. வெறுப்பை ஒழித்துவிட்டோம்!" ஆரவாரம் அடங்க வெகுநேரம் ஆனது.

அதற்கடுத்த மாதம் மாம்பிஞ்செல்லாம் உதிர்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றது மான். "எங்க இருந்துக்கிட்டு எப்படி வேலை செய்றா பாருங்க!"

சிறுத்தைகூட மறுக்கவில்லை.

நீதி: வெறுப்பைக் கண்டிக்க எல்லோரும் வரவேண்டும், வெறுக்கப்படுபவர் வந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வெறுப்பதற்கும் அவர் அங்கே இருந்தாகவேண்டும் என்பதில்லை.