தீயணைப்புக்காரர் பார்க்காத படம்

இந்த வருடமும் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை என்று ஹார்லன் உறுதி எடுத்திருந்தார். சாதாரண உறுதி அல்ல. பைபிள்மேல் கை வைத்துச் செய்யும் சத்தியத்தின் கனம் அதில் இருந்தது.

படம் என்னவோ குழந்தைகள் படம்தான். உயரத்தைக் கண்டால் நடுங்கும் ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஒரு சூனியக்காரி படும் பாடு. பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் வந்தால் அந்த ஓஹையோ ஊரில் அதைப் போடாத வீடு கிடையாது. மூன்று வயதுக் குழந்தைகூட விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் பாதியில் ஒரு கட்டம் உண்டு. சூனியக்காரி மூக்கைத் திரையில் ஒட்டவைத்து, "யாரடா அங்கே ஒளிஞ்சிருக்கிறது?" என்று கேட்பாள். ஆறு வயதில் அதைப் பார்த்த ஹார்லன் இன்னும் ஒளிந்துகொண்டுதான் இருந்தார்.

ஊருக்கு அவர் தீயணைப்புப் படைத் தலைவர். எரிகிற கொட்டகைக்குள் நுழைந்து கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த சூரர். அந்தச் சூரர் ஹாலோவீன் தோறும் மிட்டாய்க் கூடையோடு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். வருகிற பிள்ளைகளுக்கு யாராவது மிட்டாய் கொடுக்க வேண்டாமா? உள்ளே மனைவி கோராவும் மகள் ஜூனியும் படம் பார்ப்பார்கள். ரகசியம் பத்திரமாக இருந்தது. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

இந்த வருடம் கோரா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு வாசல்ல நான்."

"குளிருது கோரா. உனக்கு ஒத்துக்காது."

"உனக்கு மட்டும் ஒத்துக்குமா?"

"நான் பழகினவன்."

"பழகினது போதும். உள்ள போய்ப் படம் பாரு."

"அது குழந்தைங்க படம்!"

"குழந்தையோடதானே பாக்கச் சொல்றேன்? தலைகீழா நிக்கவா சொன்னேன்?"

தலைகீழாக நிற்பது அவருக்கு எவ்வளவோ தேவலை.

அதற்குள் ஜூனி வந்து நின்றாள். அவருடைய தீயணைப்புத் தொப்பி அவள் மூக்குவரை இறங்கியிருந்தது. மற்ற பிள்ளைகள் பேயாகவும் பூசணிக்காயாகவும் வேஷம் போட, அவள் அப்பாவாக வேஷம் போட்டுத் தெருவைச் சுற்றிவிட்டு வந்திருந்தாள்.

"அப்பா, எனக்கு பயமா இருக்கும். நீ பக்கத்துல இருக்கியா? உனக்கு எதுக்குமே பயம் கிடையாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கேன்."

ஹார்லன் இழக்கக் கூடாத மரியாதை என்று உலகத்தில் ஒன்று இருந்தால், அது அந்தத் தொப்பிக்கு அடியில்தான் இருந்தது. பயத்தைச் சொல்லவும் முடியாது. படத்தைப் பார்க்கவும் முடியாது.

ஒரு யோசனை உதித்தது. வாசல் விளக்கு எரிந்தால் மிட்டாய் உண்டு. எரியாவிட்டால் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பெற்றவர் பேச்சை மீறினாலும் இதை மீற மாட்டார்கள். கோரா கோட்டு எடுக்கப் போன நேரத்தில் வாசல் பல்பை லேசாகத் திருகித் தளர்த்திவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல ஜூனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் வராவிட்டால் கோரா அலுத்துப்போய் உள்ளே வருவாள். இவர் ரிப்பேர் பார்க்கிற சாக்கில் வெளியே போய்விடலாம்.

"ஹார்லன்! விளக்கு எரியலை!"

"ஐயையோ! வயரிங் கோளாறா இருக்கும். நான் வந்து பாக்கறேன். ரொம்ப நேரம் ஆகும். நீ உள்ள வந்து உக்காரு!"

"வேண்டாம், வேண்டாம். எவனோ பல்பைத் தளர்த்தி வச்சிருக்கான். திருகிட்டேன்."

"எவனா இருக்கும்?"

"எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி."

வாசலில் வெளிச்சம் வந்தது. "மிட்டாயா, வம்பா?" என்று பிள்ளைகள் கூவினார்கள். ஹார்லன் மறுபடி உட்கார்ந்தார்.

படம் ஓடியது. அந்தக் கட்டம் நெருங்கியது. கண்ணை இறுக மூடினார். சின்னக் கை ஒன்று அவர் கையைப் பற்றியது.

"அப்பா, கண்ணை மூடிக்காதே. நீ பாத்தாத்தான் எனக்கு தைரியம் வரும்."

மகளுக்காகத் திறந்தார். தீயில் நுழைந்தபோதுகூட அவருக்கு இத்தனை துணிச்சல் தேவைப்படவில்லை. மூக்கு வந்தது. கேள்வியும் வந்தது. அறை அதிர ஓர் அலறல் எழுந்தது. யார் அலறியது என்று விசாரிக்க அது நேரமில்லை.

"ஒண்ணுமில்லடா கண்ணு. அப்பா இருக்கேன்ல?" என்று அவளை அணைத்துக்கொண்டார். அந்தக் கட்டம் போயே போய்விட்டது. துடைப்பம் சூனியக்காரியைச் சேற்றில் தள்ள, அப்பாவும் மகளும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஹார்லனுக்குக் கண் கலங்கியது. ஒரு குழந்தையின் பயத்தைத் தாங்கப் போய்த் தன் பயத்தையும் தொலைத்தாயிற்று.

படம் முடிந்ததும் ஜூனி வாசலுக்கு ஓடினாள். ஹார்லன் தலை நிமிர்ந்து தண்ணீர் குடிக்கப் போனார். திறந்திருந்த ஜன்னல் வழியே பேச்சுக் கேட்டது.

"அம்மா, நீ சொன்ன மாதிரியே பயந்தவ மாதிரி நடிச்சேன். அப்பா கையை விடவே இல்லை."

"சமத்து! ஆனா நடுவுல கத்தினே பாரு, அதுதான் கொஞ்சம் அதிகம். தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

"நான் எங்கம்மா கத்தினேன்? அது அப்பா."