கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பவர்

நாலாயிரத்துப் பதினெட்டு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். மறந்தாலும் பரவாயில்லை, அவரே ஞாபகப்படுத்துவார்.

விழிப்புணர்வுக்காரர் என்றொரு இனம் இலங்கையின் ஊவா மலைநாட்டில் பெருகி வருகிறது. பதுளை பஸ்ஸில் பாருங்கள், வெலிமடைச் சந்தையில் பாருங்கள்: முகத்தில் பாதிச் சிரிப்பு, குரலில் பாதிச் சத்தம், கேட்ட கேள்விக்குப் பதில் வர முழுதாக மூன்று மூச்சு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு உதாரணம், வெளிக்கள உத்தியோகத்தர் ஜெயராசா. எந்த மலையில் யார் கொழுந்து பறிப்பது என்று தீர்மானிப்பவர். விடிய எழுந்து, பாய் விரித்து, பாளிச் சூத்திரமொன்றைத் தமிழ் உரையோடு வாசித்து, அரை மணிநேரம் மூச்சைக் கவனித்து, கவனித்ததைக் கொப்பியில் எழுதி, எழுதியதைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெண்களுக்கு விளக்கி, அவர்கள் தூறலில் நனைவதை மட்டும் கவனிக்காமல், இப்படிப் பதினோரு வருடம். நாலாயிரத்துப் பதினெட்டு நாள் என்று நாளாகச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

"தேத்தண்ணி குடிக்கிறப்ப, குடிக்கிறேன்னு தெரிஞ்சு குடிக்கிறேன்" என்பார். தெரியாமல் குடிப்பவர் யார் ஐயா?

சூத்திரத்தில் குற்றமில்லை. கண்ணைத் திற என்று சொல்லும் புத்தகத்தை இவர் கண்ணை மூடிக்கொள்ள வைத்திருக்கிறார்.

போன மாதம் பெரட்டில் றீட்டா முன்னால் வந்தாள். கொழுந்து பறிப்பவள். போன வருடம் குளவி கொட்டி, மூச்சடைத்து, மயிரிழையில் தப்பியவள். இன்னொரு தடவை கொட்டினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஐயா, ஏழாம் நம்பர் மலையில பெரிய மரத்துல குளவிக் கூடு. பானை கணக்கா தொங்குதுங்க. அத எடுத்துட்டு எங்கள அனுப்புங்க."

மூன்று மூச்சு.

"றீட்டாம்மா, இப்ப ஒனக்குள்ள வந்திருக்கே, அதுதான் பயம். அத பாரு."

"பயத்த நான் பாத்துக்கிறேங்க. கூட்ட நீங்க வந்து பாருங்க."

"அதுவும் ஒரு உசுருதானே? நிதானமா பறிச்சா அது ஒன்னும் செய்யாது."

"நிதானமாவா? கொழுந்து கொறைஞ்சா மொதல்ல கத்துறது யாருங்க?" பின்னாலிருந்து சந்திரகாந்தி கேட்டாள். பெரட்டே சிரித்தது.

அவர் சிரிப்பைக் கவனித்தார். கூட்டைக் கவனிக்கவில்லை. உயிர்க்கொலை ஆகாதாம். அவருடைய குவாட்டர்ஸ் கூரையில் குளவி கட்டியபோது மருந்தடிக்கச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். அது தியானத்துக்கு இடைஞ்சலாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏழாம் நம்பர் மலையில் குளவி கிளம்பியது. கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓடினார்கள். றீட்டா பாதி வழியில் விழுந்தாள். கொழுந்து லொறியில் ஏற்றி, சந்திரகாந்தி மடியில் தலையைத் தாங்கி, லுணுகலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் மூக்கில் குழாய்.

சனிக்கிழமை விடியற்காலைப் பாராயணம் தவறவில்லை.

பிழைத்து வந்தவள் இன்று காலை நேரே பெரட்டுக்குப் போய், வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் பாதிச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"கவனிச்சியா? இவ்வளவு ஏசின, எனக்குக் கோவமே வரல்ல. எல்லாம் பதினோரு வருஷப் பழக்கம்."

"ஒங்களுக்குக் கோவம் வராட்டி எனக்கு என்னாங்க? கூடு இன்னும் அங்கதானே தொங்குது!"

மூன்று மூச்சு. "ஏழாம் நம்பர்ல இன்னும் பாதி மலை பறிக்காம கெடக்கு. நாளைக்கு எல்லாரும் அங்கதான்." கொப்பியை மூடினார். மனதில் சலனமே இல்லை.

சிரிக்கிறீர்கள். நீங்களும் காலையில் தவறாமல் எதையாவது வாசிக்கிறவர்தானே? சூத்திரமோ, செபமோ, மந்திரமோ, அல்லது இதைப் போல ஒரு கேலிக் கட்டுரையோ? வாசித்து முடித்ததும் மனது லேசாகிறதா? அப்படியானால் கொஞ்சம் பயப்படுங்கள்.

நாளைக் காலை ஏழாம் நம்பர் மலைக்குப் போகிறவர்கள், றீட்டாவோடு சேர்த்து, இருபத்து மூன்று பேர்.